படிப்பக வைஃபையை ஒருவரே உறிஞ்சுகிறாரா? எப்படிக் கண்டறிவது, எப்படிக் கட்டுப்படுத்துவது?

கேள்வி: படிப்பகத்தான்

வணக்கம். எங்கள் ஊரில் போட்டித் தேர்வுக்குப் படிக்கும் பிள்ளைகளுக்காக நன்கொடையில் ஒரு படிப்பகம் நடக்கிறது. அதன் கணினி, இணைய வேலைகளைச் சம்பளமில்லாமல் நான் பார்த்துக்கொள்கிறேன். மின்பொருள் கடை வைத்திருப்பவன். நெட்வொர்க் படித்தவன் அல்லன். 100 எம்பிபிஎஸ் (விநாடிக்கு 100 மெகாபிட்) ஃபைபர் இணைப்பு ஒன்றும், கூடத்தின் முன்சுவரில் மாட்டிய ரவுட்டர் ஒன்றும், 45 இருக்கைகளும் இருக்கின்றன. பகலில் எல்லாம் ஒழுங்காக ஓடுகிறது. மாலை ஆறு மணிக்கு மேல், வேலைக்குப் போய்த் திரும்பும் பிள்ளைகளும் வந்து சேர்ந்து கூடம் நிரம்பிவிட்டால், மாதிரித் தேர்வுத் தளத்தில் அடுத்த கேள்வி வருவதற்கே அரை நிமிடம் ஆகிறது.

ஒரு மாணவர் மீது எல்லோருக்கும் சந்தேகம். பின்சுவரோரம், புத்தக அலமாரிகளுக்கு அப்பால் உட்காருபவர். வீட்டில் இணையம் இல்லாததால், இரவில் பார்ப்பதற்காக வகுப்புக் காணொளிகளை இங்கேயே இறக்கிக்கொள்கிறார். அதை அவர் மறைப்பதும் இல்லை. அவர் வந்து உட்கார்ந்தால் கூடம் முழுவதும் மந்தமாகிவிடுகிறது என்பதை நானே மூன்று நாள் கவனித்தேன். அவர் பெயரைத் தீர்மானப் புத்தகத்தில் எழுதி, ஒரு மாதத்துக்கு வைஃபை தரக் கூடாது என்று முடிவெடுக்க நிர்வாகக் குழு தயாராக இருக்கிறது.

இன்னொரு தொல்லையும் உண்டு. வாரத்தில் இரண்டு மூன்று நாள், ஏழரை மணிவாக்கில், எல்லோருடைய போனிலும் வைஃபை குறி முழுதாக இருந்தும் எதுவுமே திறப்பதில்லை. ரவுட்டரை அணைத்துப் போட்டால் கொஞ்ச நேரம் வரும், மறுபடியும் நின்றுவிடும்.

ஒரே ஒருவர் மொத்த இணைப்பையும் இப்படி இழுத்துக்கொள்ள முடியுமா? முடியும் என்றால், அவர் யார் என்பதை ஆதாரத்தோடு எப்படிக் காட்டுவது? பத்து நாளுக்கு ஒருமுறை கடவுச்சொல்லை மாற்றுவதைத் தவிர வேறு வழி இருந்தால் சொல்லுங்கள்.

பதில் 1: கடைமடை

ஐயா, பெயரை எழுதுவதை ஒரு வாரம் தள்ளிவைக்கச் சொல்லுங்கள். நீங்கள் சொல்லும் இரண்டும் வெவ்வேறு நோய்கள் என்றே எனக்குப் படுகிறது. முதலாவதைப் பற்றி மட்டும் எழுதுகிறேன்.

வைஃபையில் எல்லோரும் ஒரே சேனலில் பேசுவதால், ஒரு நேரத்தில் ஒருவர் பேசினால்தான் காதில் விழும். ஆகவே முறை வைத்துப் பாய்ச்சுவது போல ஓர் ஏற்பாடு தேவைப்படுகிறது. நம் வாய்க்காலில் முறை என்றால் இன்னாருக்கு இத்தனை நாழிகை என்று நேரத்தை வகுப்போம். 802.11 என்ற வைஃபை தரவிதியோ, ஆளுக்கொரு வாய்ப்பு என்று மட்டும் வகுத்துவிட்டு, அந்த வாய்ப்பை அவர் எவ்வளவு நேரம் பிடித்து வைத்திருக்கிறார் என்பதைக் கணக்கில் எடுப்பதில்லை. ரவுட்டருக்கு எதிரே உட்கார்ந்திருப்பவருக்கு 300 எம்பிபிஎஸ் வேகத்தில் 1,500 பைட் பாக்கெட் (தரவுப் பொட்டலம்) ஒன்றை அனுப்ப 40 மைக்ரோ விநாடி போதும். அலமாரிக்குப் பின்னால் இருப்பவருக்குச் சிக்னல் மங்கலாகப் போவதால் ரவுட்டர் தன் வேகத்தைக் குறைத்து, நிறுத்தி நிதானமாகப் பேச வேண்டியிருக்கிறது. அது 6 எம்பிபிஎஸ் வரை இறங்கிவிட்டால் அதே பாக்கெட்டுக்கு 2,000 மைக்ரோ விநாடி பிடிக்கும். அதாவது, அவருக்கு ஒரு பாக்கெட் போகும் நேரத்தில் முன்வரிசைக்கு 50 போயிருக்கலாம். (ஒவ்வொரு பாக்கெட்டுக்கும் முன்னும் பின்னும் உள்ள இடைவெளிகளை நான் சேர்க்கவில்லை, சேர்த்தால் விகிதம் கொஞ்சம் குறையும், ஆனால் கதை மாறாது.)

இது பழைய விஷயம். பிரான்சின் கிரனோபிள் ஆராய்ச்சியாளர்கள் 2003-லேயே இதைக் கணக்கிட்டுக் காட்டினார்கள். அன்றைய 11 எம்பிபிஎஸ் வைஃபையில் 1 எம்பிபிஎஸ் வேகத்தில் பேசும் ஒரே ஒரு கருவி நுழைந்துவிட்டால், வேகமாகப் பேசக்கூடிய மற்ற எல்லாக் கருவிகளும் அந்த ஒன்றின் வேகத்துக்கும் கீழே இழுபட்டுவிடும். அந்த ஒருவர் எந்த விதியையும் மீறவில்லை என்பதுதான் இதில் வேடிக்கை. விதியே அப்படித்தான் எழுதப்பட்டிருக்கிறது.

உங்கள் பின்வரிசை மாணவர் கடைமடைக்காரர். அவரால்தான் தலைமடை காய்கிறது என்று சொல்வது எனக்கு விநோதமாக இருக்கிறது. ரவுட்டரின் மேலாண்மைப் பக்கத்தில் இணைந்துள்ள கருவிகளின் பட்டியலைத் திறந்து, ஒவ்வொன்றுக்கும் நேராக உள்ள இணைப்பு வேகத்தை மாலை ஆறரைக்குக் குறித்துக்கொள்ளுங்கள். அவருடையது ஒற்றை இலக்கத்தில் இருந்தால் குற்றவாளி உங்கள் முன்சுவர்தான். ரவுட்டரைக் கூடத்தின் நடுவில், அலமாரி உயரத்துக்கு மேல் மாட்டுங்கள். 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் 1, 2, 5.5, 11 எம்பிபிஎஸ் என்ற பழைய வேகங்களை அணைக்கும் வசதி இருந்தால் அணைத்துவிடுங்கள். 'ஏர்டைம் ஃபேர்னஸ்' என்ற தெரிவு இருந்தால் போட்டுவிடுங்கள். வாய்ப்பை விட்டுவிட்டு நேரத்தைப் பங்கிடச் சொல்வது அதுதான்.

பதில் 2: வரிசைக்காரன்

கடைமடை சொன்னதில் தவறில்லை. ஆனால் ஒரு பக்கம் திறக்க அரை நிமிடம் என்பதை அது மட்டும் விளக்காது. அந்த மாணவரும் அத்தனை நிரபராதியாக இருக்க வேண்டிய அவசியமில்லை.

இணையத்தில் நெரிசல் வரும்போது விட்டுக்கொடுக்கும் பழக்கத்தை, தரவைக் கொண்டுபோய்ச் சேர்க்கும் டிசிபி என்ற நெறிமுறைக்குள் புகுத்தியவர் வான் ஜேக்கப்சன். அவருடைய கட்டுரை 1988-இல் வந்தது. அந்த விட்டுக்கொடுத்தல் ஓர் இணைப்புக்கும் இன்னோர் இணைப்புக்கும் இடையில் நடப்பது. அந்த இணைப்புகளுக்குப் பின்னால் எத்தனை மனிதர்கள் இருக்கிறார்கள் என்று அதற்குத் தெரியாது. டவுன்லோடு மேனேஜர் செயலிகள் பயன்படுத்திக்கொள்வது இந்த ஓட்டையைத்தான்: ஒரு கோப்பைப் பதினாறு துண்டாக்கிப் பதினாறு இணைப்பில் இழுக்கும். உங்கள் கூடத்தில் 44 பேர் ஆளுக்கொரு இணைப்பில் இருக்க, ஒருவர் 16 இணைப்பு திறந்தால் மொத்தம் 60. அவருக்கு 100-இல் கிட்டத்தட்ட 27 எம்பிபிஎஸ், மற்றவர்களுக்கு ஆளுக்கு 1.7. அதைப் பார்த்து இன்னும் நால்வர் அதே செயலியைப் போட்டுக்கொண்டால், ஐந்து பேர் மூன்றில் இரண்டு பங்கை எடுத்துக்கொள்ள, மீதி நாற்பது பேருக்கும் ஆளுக்கு ஒரு எம்பிபிஎஸ்கூட மிஞ்சாது. பந்தியில் ஒருவர் பதினாறு இலை போட்டு உட்கார்வதைப் போன்றது இது, பரிமாறுகிறவர் இலையைத்தான் எண்ணுவார்.

அரை நிமிடத் தாமதத்துக்குக் காரணம் வேறு. ரவுட்டருக்குள் பாக்கெட்டுகள் காத்திருக்கும் வரிசை அளவுக்கு மீறி நீளமாக இருந்தால், பெரிய பதிவிறக்கங்கள் அதை நிரப்பிவிட, சின்ன வேலைக்காக வந்த பாக்கெட்டும் அந்தக் கூட்டத்தின் வாலில் போய் நிற்க வேண்டியதாகிறது. ஜிம் கெட்டிஸ் என்பவர் 2010 வாக்கில் இதற்கு 'பஃபர்புளோட்' என்று பெயர் வைத்தார். ஒரு தேர்வுப் பக்கம் திறக்கப் பெயர்த் தேடல், இணைப்பு, மறைகுறியாக்கம், அதன்பின் படங்களும் நிரல்களும் என்று ரவுட்டருக்கும் தளத்துக்கும் இடையில் பல நடை போய்வர வேண்டும்; நடை ஒன்றுக்கு ஒரு விநாடி என்றாலே உங்கள் அரை நிமிடம் வந்துவிடும். ஆள் இல்லாத காலையில் ஒருமுறை, மாலை ஏழுக்கு ஒருமுறை ஏதேனும் ஒரு தளத்துக்குப் பிங் (ஒரு சிறு பாக்கெட் போய்த் திரும்பும் நேரத்தை அளக்கும் கட்டளை) கொடுத்துப் பாருங்கள். இருபதாக இருந்த மில்லி விநாடி ஆயிரத்தை எட்டினால் சந்தேகமே வேண்டாம்.

இதற்கான மருந்து இலவசம். உங்கள் ரவுட்டரில் ஓப்பன்டபிள்யூஆர்டி என்ற இலவச ரவுட்டர் மென்பொருளை ஏற்ற முடிந்தால் எஸ்க்யூஎம் என்ற பொதியை நிறுவி, வரிசை முறையாகக் 'கேக்'கைத் தேர்ந்தெடுத்து, வேகத்தை 100-க்குப் பதில் 90 என்று கொடுங்கள். வரிசை இணைய நிறுவனத்தின் கருவியில் சேராமல் உங்கள் கைக்குள் இருப்பதற்காகவே அந்தப் பத்து குறைப்பு. மறக்கக் கூடாத ஒன்று: உயர்நிலைத் தெரிவுகளில் பதிவிறக்கத்துக்கு 'நாட்', 'டூயல்-டெஸ்ட்ஹோஸ்ட்' என்ற இரண்டையும் சேர்க்க வேண்டும். அப்போதுதான் அது இணைப்புகளை விட்டுக் கருவிகளை எண்ணத் தொடங்கும். அதன்பின் ஒருவர் பதினாறு என்ன, அறுபது இணைப்பு திறந்தாலும் ஒரு பங்குதான்.

படிப்பகத்தான்

இருவருக்கும் நன்றி. சொன்னபடி அளந்தேன். காலையில் பிங் 18; மாலை ஏழு பத்துக்கு 1,140. பின்வரிசை மாணவரின் இணைப்பு வேகம் 6.5 எம்பிபிஎஸ் என்று காட்டியது, முன்வரிசையில் பலருக்கு 144. அவரிடமே கேட்டேன், எட்டுத் துண்டாக இழுக்கும் செயலியைத்தான் வைத்திருக்கிறார், அப்படி ஓர் அமைப்பு அதில் இருப்பதே அவருக்குத் தெரியாது. இதில் எனக்குச் சங்கடமான செய்தி, அவரைப் பற்றிப் புகார் சொன்ன முன்வரிசை மாணவர்கள் இருவரின் போனிலும் அதே செயலி இருந்தது.

இரண்டாவது தொல்லை அப்படியே இருக்கிறது. வியாழக்கிழமை ஏழு நாற்பதுக்கு எல்லாம் நின்றது. சுற்றிப் பார்த்தேன், மடிக்கணினி வைத்திருந்த ஒருவர் மட்டும் காதில் ஒயரை மாட்டிக்கொண்டு கிரிக்கெட் நேரலை பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்கு மட்டும் எப்படி ஓடுகிறது?

பதில் 3: அலைக்காவல்

வயர்லெஸ் நெட்வொர்க்குகளில் ஏமாற்று வேலைகளைக் கண்டறிவது பற்றிச் சில ஆண்டுகள் படித்தவன் என்பதால் இந்த இழை என்னை இழுத்துவிட்டது. முதலில் எது சாத்தியம், எது சாத்தியமில்லை என்று சொல்லிவிடுகிறேன்.

வைஃபையில் அசல் சுயநலம் என்று புத்தகங்கள் சொல்வது காத்திருக்கும் நேரத்தைத் திருடுவதை. சேனல் காலியானதும் எல்லாக் கருவிகளும் ஒரே நேரத்தில் பாய்ந்து மோதிக்கொள்ளக் கூடாது என்பதற்காக, ஒவ்வொன்றும் 0 முதல் 15 வரை ஓர் எண்ணைக் குலுக்கல் முறையில் எடுத்து, 9 மைக்ரோ விநாடிக்கு ஒன்றாகக் குறைத்துக்கொண்டே வந்து, பூச்சியம் ஆனதும் பேசுகிறது. மோதல் நேர்ந்தால் வரம்பு 31, 63 என்று இரட்டித்து 1,023 வரை போகும். குலுக்கலில் எண் எடுப்பதும் அதை ஒழுங்காக எண்ணுவதும் அந்தந்தக் கருவியின் மனச்சாட்சிக்கே விடப்பட்டிருக்கின்றன. வாய்க்காலில் முறை பார்த்துத் தண்ணீர் திறந்துவிடும் நீர்க்கட்டியைப் போல, மேலே நின்று பார்ப்பவர் ஒருவரும் இல்லை. எப்போதும் 0 அல்லது 1 எடுக்கும்படி ஒருவர் தன் கருவியைத் திருத்திவிட்டால் ஏறக்குறைய ஒவ்வொரு முறையும் வாய்க்கால் அவருடையதுதான். ஆனால் அதே திருட்டை இரண்டாவதாக ஒருவரும் செய்தால், இருவரும் ஓயாமல் மோதிக்கொண்டு ஒருவருக்கும் இல்லாமல் போகும். இந்த ஆட்டத்தைக் கணிதமாக எழுதி ஆராய்ந்த கட்டுரைகள் 2005 வாக்கில் நிறைய வந்தன. அதற்கு முந்தைய ஆண்டு, சுவிட்சர்லாந்தின் லோசான் தொழில்நுட்ப நிறுவனத்தைச் சேர்ந்தவர்கள் 'டோமினோ' என்ற முறையை வெளியிட்டார்கள். ஆக்சஸ் பாயின்ட்டில் (வைஃபையைப் பரப்பும் கருவியில்) மட்டும் ஒரு மென்பொருளை வைத்து, யார் எவ்வளவு காத்திருக்கிறார், யார் தனக்குத் தேவைப்படும் நேரத்தை மிகைப்படுத்தி அறிவித்து மற்றவர்களை வாயடைக்க வைக்கிறார் என்பதையெல்லாம் கவனித்துப் பிடித்துவிடலாம் என்று காட்டினார்கள். அதன் வேலை நேர்த்தியானது.

ஆனாலும் உங்கள் கூடத்தில் அது நடக்கவில்லை. இந்த எண்ணிக்கை வேலை இன்றைய போன்களில் சிப்பின் உள்மென்பொருளில் புதைந்திருக்கிறது. தேர்வுக்குப் படிக்கிற ஒருவர் மெனக்கெட்டு அதைத் தோண்டப் போவதில்லை. நீங்கள் விவரிக்கும் அடையாளம் வேறொன்றுடைய அச்சு அசல். சிக்னல் முழுதாக இருக்கிறது, இணையம் இல்லை, ஒருவருக்கு மட்டும் ஓடுகிறது, ரவுட்டரை அணைத்துப் போட்டால் சிறிது நேரம் சரியாகிறது. விடுதிகளில் 'நெட்கட்' என்ற மென்பொருளைப் பார்த்திருப்பவர்களுக்கு இது உடனே புரியும்.

அது செய்வது இதுதான். ஒரே நெட்வொர்க்கில் உள்ள கருவிகள் ஒன்றையொன்று கண்டுபிடிக்க 'ரவுட்டரின் முகவரி யாரிடம் இருக்கிறது?' என்று கூவும். பதில் சொல்பவரை அப்படியே நம்பிவிடும். ஏஆர்பி என்ற இந்த நெறிமுறையில் சரிபார்ப்பு என்று ஒன்று கிடையாது. நெட்கட் வைத்திருப்பவர் 'நான்தான் ரவுட்டர்' என்று எல்லோருக்கும் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருப்பார். எல்லோருடைய பாக்கெட்டும் அவரிடம் போய்ச் சேரும்; அவர் அதைக் குப்பையில் போடுவார். முழு 100 எம்பிபிஎஸ்ஸும் அவருக்கே.

அடுத்த முறை நின்றதும் ரவுட்டரை அணைக்காதீர்கள். ரவுட்டரின் அடிப்பக்கத்தில் ஒட்டியுள்ள மேக் முகவரியை (கருவியின் அடையாள எண்ணை) ஒரு தாளில் எழுதி வைத்துக்கொண்டு, ஏதாவது ஒரு விண்டோஸ் கணினியில் கமாண்ட் ப்ராம்ப்ட் திறந்து ஏஆர்பி கட்டளையை '-ஏ' சேர்த்துக் கொடுங்கள். ரவுட்டரின் ஐபிக்கு (நெட்வொர்க்கில் அதற்குரிய எண் முகவரிக்கு) நேரே வரும் மேக் முகவரியும் உங்கள் தாளில் இருப்பதும் ஒன்றாக இல்லையென்றால், திரையில் இருப்பது அவருடையது. ரவுட்டரின் கருவிப் பட்டியலில் அந்த முகவரியைத் தேடினால் கருவியின் பெயரும் கிடைக்கலாம்.

தடுப்பதற்கு 'ஏபி ஐசோலேஷன்' தெரிவைப் போடுங்கள். ஒரு வாடிக்கையாளர் கருவி இன்னொன்றோடு நேரடியாகப் பேச முடியாது, ஆகவே பொய்யும் போய்ச் சேராது. இது முழுப் பூட்டு என்று நினைத்துவிடாதீர்கள். ரவுட்டரிடமே போய் 'நான்தான் அந்த மாணவரின் போன்' என்று பொய் சொல்வதை இது தடுக்காது. அதற்கு ரவுட்டரில் ஐபியையும் மேக் முகவரியையும் முடிச்சுப் போட்டு வைக்க வேண்டும்.

பதில் 4: நூலகத் தோழி

பொது நூலகம் ஒன்றில் பல ஆண்டு வைஃபை பார்த்துக்கொண்டவள் என்ற உரிமையில் சில வார்த்தைகள். அலைக்காவல் ஐயா சொன்ன முகவரி முடிச்சு காகிதத்தில் நன்றாக இருக்கும். நடைமுறையில் உங்களை அழவைக்கும். ஆண்ட்ராய்டு 10-இலிருந்தும் ஐஓஎஸ் 14-இலிருந்தும் போன்கள் தம் உண்மையான மேக் முகவரியை மறைத்து, ஒவ்வொரு நெட்வொர்க்குக்கும் ஒரு தற்காலிக முகவரியைக் காட்டுகின்றன; நெட்வொர்க்கை மறந்துவிட்டுத் திரும்பச் சேர்ந்தாலோ அமைப்பை மாற்றினாலோ முகவரியும் மாறலாம். இதே காரணத்தால், 'கருவிக்கு நாளொன்றுக்கு ஒரு ஜிபி' போன்ற கட்டுப்பாடுகளையும் பிள்ளைகள் அரை மணியில் தாண்டிவிடுவார்கள். ஐசோலேஷனோடு நிறுத்திக்கொள்வது போதும் என்பது என் கருத்து.

நாங்கள் கடைசியில் வந்து சேர்ந்த இடம், பதிவிறக்கத்துக்கென்று ஒரு நேரம் ஒதுக்குவது. காலை ஏழு முதல் ஒன்பது வரை கூடம் காலியாகக் கிடக்கும்; பெரிய கோப்பு வேண்டுபவர்கள் அப்போது வந்து எடுத்துக்கொள்ளட்டும் என்றோம். எழுதி ஒட்டியபோது ஒருவரும் மதிக்கவில்லை. வாசகர்களையே கூட்டிவைத்து நேரத்தை அவர்களே முடிவுசெய்யச் செய்த பிறகுதான் அந்த ஏற்பாடு நிலைத்தது. பொதுவளத்தைப் பயன்படுத்துபவர்களே விதி வகுத்துக் கண்காணித்துக் காக்க முடியும் என்பதைப் பாசனம், மீன்பிடி, காடு என்று ஆராய்ந்து காட்டியதற்காகத்தான் எலினார் ஆஸ்ட்ரமுக்கு 2009-இல் பொருளாதார நோபல் பரிசு கிடைத்தது. முதல் தவறுக்குச் சிறு தண்டனை, தொடர்ந்தால் படிப்படியாகக் கூடும் தண்டனை என்பதும் அவர் கண்ட அம்சங்களில் ஒன்று. எடுத்த எடுப்பில் ஒரு மாதத் தடை என்பது எனக்கு உடன்பாடில்லை.

நெட்கட் ஆசாமிக்கு அந்தச் சலுகை தேவையில்லை என்று சிலர் நினைக்கலாம். உரிமையுள்ள ஒருவருக்கு அணுகலை மறுப்பது தகவல் தொழில்நுட்பச் சட்டம், 2000-இன் 43-ஆம் பிரிவில் வருகிறது. கெட்ட நோக்கத்தோடு செய்தால் 66-ஆம் பிரிவின்படி மூன்று ஆண்டு வரை சிறை. அரசு வேலைக்குப் படிக்கிற பிள்ளை அவர். காவல் நிலையம்வரை போகாமல், இந்தப் பிரிவை அச்சிட்டு அவர் கையில் கொடுத்தாலே போதும்.

படிப்பகத்தான்

நேற்று ஏழு முப்பத்தைந்துக்கு நின்றது. தாளில் இருந்தது ஒன்று, திரையில் வந்தது ஒன்று. கடைசி நான்கு எழுத்துகளை இரண்டு முறை விரல் வைத்துச் சரிபார்த்தேன். பட்டியலில் அந்த முகவரிக்கு நேரே இருந்தது, கிரிக்கெட் பார்த்தவரின் மடிக்கணினிப் பெயர். அவரைத் தனியாக வெளியே அழைத்துத் தேநீர் வாங்கிக் கொடுத்து, தோழி அம்மா சொன்ன தாளையும் கொடுத்தேன். விடுதியில் பழகியது, விளையாட்டாகச் செய்தேன் என்றார். தலை நிமிரவில்லை.

ரவுட்டரை நடுத்தூணுக்கு மாற்றியாகிவிட்டது. பதினெட்டு மீட்டர் கேபிளும் கொத்தனார் கூலியும்தான் செலவு. ஐசோலேஷன் போட்டதில் படிப்பகத்து பிரின்டர் வைஃபையில் வேலை செய்யாமல் போய்விட்டது, அதை ஒயரில் இணைத்துவிட்டேன். கேக் போட்ட பிறகு மாலை ஏழு மணிப் பிங் 31. பின்வரிசை மாணவருக்கு இப்போது 65 எம்பிபிஎஸ் காட்டுகிறது. எட்டுத் துண்டுச் செயலியை அவர் இன்னும் வைத்திருக்கிறார், அதன் பாதிப்பு யாருக்கும் தெரியவில்லை.

காலை நேரப் பதிவிறக்கம் பற்றி ஞாயிறன்று பிள்ளைகளைக் கூட்டிப் பேசப்போகிறோம். சாவி ஆறரைக்கே வேண்டுமென்று பின்வரிசை மாணவர் இப்போதே கேட்டிருக்கிறார்.